அண்ணிக்குத் தனி லாகின்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுக்க ஒரு நிறத்துக்காகச் சண்டை. பட்டன் நீலமா, கரும்பச்சையா? ஆபீஸ் வேலை முடிந்து, கழுத்து வலியோடு, பத்து பைசா சம்பளம் இல்லாமல் நான் செய்கிற இந்த ஓப்பன் சோர்ஸ் வேலையில் இன்றைய முன்னேற்றம் இவ்வளவுதான். இணையதளம் நடத்துகிற மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூடம், சங்கம், ஆஸ்பத்திரி என்று எத்தனையோ பேர் இதை நம்பித்தான் தளம் நடத்துகிறார்கள். அவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன பாடுபடுகிறார்கள் என்று எங்களில் ஒருத்தருக்கும் கவலை கிடையாது. நிறம்தான் முக்கியம்! கடைசியில் நாட்டாமை வந்து "கரும்பச்சை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். முதன்முதலில் இதை எழுதியவர் அவர். எது உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்பது இன்றும் அவர் கையில். நாட்டாமை என்பது நான் வைத்த பேர். அவரிடம் சொன்னதில்லை.

எழுந்து வெளியே வந்தால் அண்ணிக்குக் கால் தரையில் இல்லை. அவர் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் டயாலிசிஸ் மையத்திலும் எங்கள் மென்பொருள்தான். "எனக்குன்னு தனி லாகின் குடுத்திருக்காங்கடி! என் பேர் போட்டு. இனிமே மேனேஜர் பாஸ்வேர்டை வெச்சுக்கிட்டுத் திருடி மாதிரி உள்ள போக வேண்டாம்." இத்தனை வருஷமாக எல்லாரும் மேனேஜர் லாகினில்தான் எல்லாம் செய்திருக்கிறார்கள். தளத்தைப் பராமரிக்கிற கான்ட்ராக்ட் ஆள் இப்போதுதான், பாதுகாப்புக்காக என்று ஆளுக்கு ஒன்று பிரித்துக் கொடுத்தானாம்.

"அப்ப உனக்குப் புரமோஷனா?" என்று அண்ணன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். அண்ணி கையிலிருந்த துண்டை அவன் மூஞ்சியில் எறிந்தார்.

மார்ச் 6, வியாழன்

ஒழுங்கா எழுத வருமான்னு தெரியல.

நேற்று மதியத்துக்கு மேல் மையத்தில் டயாலிசிஸுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கிற இயந்திரம் பழுதாகிவிட்டது. வியாழன் காலை ஷிஃப்ட் கிடையாது, எல்லாரும் மாலை நாலு மணிக்கு வரவும் என்று வெப்சைட்டில் போடச் சொன்னார்கள். முன்பெல்லாம் இப்படி என்றால் நோயாளிகள் ஒவ்வொருத்தருக்கும் போன் போகும். போன வருஷம் மேனேஜர்தான் அதை நிறுத்தினார். "எல்லாம் வெப்சைட்ல இருக்கே, எதுக்கு வெட்டிப் பேச்சு?" என்றாராம். அண்ணி புது லாகினில் போய் நேரத்தை மாற்றினார். சேமித்தார். பக்கத்தைத் திறந்து பார்த்தார். மாலை நாலு மணி என்றுதான் இருந்தது. ஊழியர்களையும் மதியம் வந்தால் போதும் என்று சொல்லியிருந்ததால் இன்று காலை வீட்டில்தான் இருந்தார்.

காலை ஷிஃப்ட் ஆட்கள் அத்தனை பேரும் வந்து நின்றிருக்கிறார்கள். பூட்டின கேட். வெப்சைட்டில் பழைய நேரமே இருந்ததாம்! மற்றவர்கள் வாட்ச்மேனைத் திட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும், ரிட்டையர் ஆன பஸ் டிரைவர், வீடு ரொம்பத் தூரம், போய்த் திரும்ப முடியாது என்று கேட் ஓரமாகவே உட்கார்ந்துவிட்டார். காய்ச்சல் என்று செவ்வாய்க்கிழமை ஷிஃப்டையும் விட்டவர். உடம்பெல்லாம் நீர். மூச்சு முட்டி அங்கேயே சாய்ந்துவிட்டார். இப்போது பெரிய ஆஸ்பத்திரி ஐசியூவில் இருக்கிறார்.

"நான் மாத்தினேன்டி. என் கண்ணால பார்த்தேன். நாலு மணின்னு இருந்துச்சு." செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அண்ணன் தண்ணீர் கொடுத்தான். குடிக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

அண்ணியை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விசாரணை முடிகிற வரைக்குமாம். 27ஆம் தேதி நிர்வாகக் குழு கூடி முடிவு செய்யுமாம். நர்ஸ்கள், வாட்ச்மேன், நோயாளிகள் எல்லாரும் பார்க்க வரவேற்பறையில் நிற்கவைத்து, "ஒரு நேரத்தை மாத்தத் தெரியாதா உங்களுக்கு? ஒரு உயிரு போயிருந்தா?" என்று மேனேஜர் கத்தியிருக்கிறார். போன் பண்ணாதே என்று சொன்ன வாய் அது!

நான் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். என் கணக்கில் போய் ஒரு பக்கத்தை மாற்றினேன், சேமி அமுக்கினேன், என் போனில் திறந்தேன். உடனே மாறியிருந்தது. நாலைந்து தடவை செய்தேன். ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் வந்தது. எழுந்து போய், "சேவ் பண்ண மறந்திருப்பீங்க அண்ணி. பதட்டத்துல யாருக்கும் வரும்" என்றேன்.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீயுமாடி?"

அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டுவிட்டார்.

அண்ணன் சொல்கிறான், "விடும்மா, வேற வேலை கிடைக்காதா." இவனுக்கு எல்லாமே விடும்மாதான். வீடு தீப்பிடிச்சு எரிஞ்சாலும் விடும்மான்னுதான் சொல்வான்.

மார்ச் 8, சனி

அண்ணி பேசவில்லை. டீ மட்டும் டொக்கென்று மேஜைக்கு வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்ததில் சந்தோஷம் ஒரு துளி இல்லை.

காலையில் போய்க் கதவைத் தட்டினேன். "அண்ணி, ஒரே ஒரு தடவை. அன்னிக்குச் செஞ்ச மாதிரியே செய்யுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்." ரொம்ப நேரம் கெஞ்ச வேண்டியிருந்தது. என் கம்ப்யூட்டரில் மையத்தின் தளம் போலவே ஒன்றை நிறுவி, அவருக்கு என்ன உரிமை கொடுத்திருப்பார்களோ அதே உரிமையோடு எடிட்டர் கணக்கு ஒன்றை உண்டாக்கி வைத்திருந்தேன். அண்ணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, முடியை இறுக்கிக் கட்டி, கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறவர் மாதிரி உட்கார்ந்தார்.

நேரத்தை மாற்றினார். சேமி அமுக்கினார். பெரிய பச்சை டிக் வந்தது: "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது." பக்கத்தைப் பார் என்பதை அமுக்கினார். மாலை நாலு மணி.

"இந்தா. இதைத்தான் நான் பார்த்தேன்."

என் போனை எடுத்து அதே பக்கத்தைத் திறந்தேன். காலை ஏழு மணி.

எடிட்டர் கணக்கில் போனால் சேமி என்பது வரைவாக மட்டும்தான் வைத்துக்கொள்ளும். வெளியிடு என்று இன்னொன்று இருக்கிறது. எங்கே? சேமி பட்டனுக்குப் பக்கத்தில் எறும்பு அளவுக்கு ஓர் அம்புக்குறி. அதை அமுக்கினால் ஒரு பட்டியல் விரியும். அதில் மூன்றாவது. இதுவாவது போகட்டும். லாகின் செய்திருக்கிற வரைக்கும் பக்கத்தைத் திறந்தால் அவருடைய வரைவையே அவருக்குக் காட்டுகிறது! ஊருக்கெல்லாம் பழையது, செய்தவருக்கு மட்டும் புதியது. சரிபார்க்கப் போகிறவரையே பச்சைப் பொய் சொல்லி அனுப்புகிறது.

அட்மின் கணக்கில் இந்த வம்பே இல்லை. சேமி அமுக்கினால் நேரே வெளியே போய்விடும். அண்ணி இத்தனை வருஷம் மேனேஜர் லாகினில் அதைத்தான் செய்திருக்கிறார். நாங்களும் அத்தனை பேரும் அட்மின்கள். பிறகு எங்கள் கண்ணில் எப்படிப் படும்?

"அப்ப நான் தப்பு பண்ணல?" என்று கேட்டார். இல்லை அண்ணி என்றேன். அழுவார் என்று நினைத்தேன். மவுஸைத் தூக்கி மேஜையில் ஒரு குத்துக் குத்தினார். "எந்த வெங்காயம்டி இதைச் செஞ்சது?"

மார்ச் 10, திங்கள்

எந்த வெங்காயம் என்று தெரிந்துவிட்டது.

எங்கள் புகார்ப் பட்டியலில் தேடினேன். உலகமே படிக்கிற மாதிரித் திறந்து கிடக்கிறது அந்தப் பட்டியல். ஆறு வருஷத்துக்கு முன்பே ஒரு நூலகர் எழுதியிருக்கிறார்: "சேமித்தேன், எனக்குத் தெரிகிறது, வாசகர்களுக்குத் தெரியவில்லை." அதற்குக் கீழே நாட்டாமை: "விளக்கம் கையேட்டில் உள்ளது." அதோடு ஒரு சிவப்பு முத்திரை: பயனர் பிழை. புகார் மூடப்பட்டது.

அதற்கப்புறமும் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். எனக்கும், எனக்கும், எனக்கும் என்று. ஒரு கால்பந்துக் குழுச் செயலாளர், ஒரு பள்ளிக்கூட ஆபீஸ் அம்மா, நாய்கள் காப்பகம் நடத்துகிற ஒருத்தர். "மைதானம் மாறியதை நான் போட்டேன், எதிரணி மட்டும் பழைய மைதானத்துக்குப் போய்விட்டது, நான் ஏமாற்றினேன் என்கிறார்கள்" என்று அந்தச் செயலாளர் எழுதியிருக்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை. மூடின கதவைத் தட்டினால் யாருக்குக் கேட்கும்?

பயனர் பிழையாம். பயனர்! அந்த ஆளுக்கு ஒரு முகம் கிடையாது, ஒரு வீடு கிடையாது, வேலை போகும் என்கிற பயம் கிடையாது.

மார்ச் 12, புதன்

மேனேஜரைப் பார்க்கப் போனோம், நானும் அண்ணியும். எடுத்துச் சொன்னால் புரியும் என்று நம்பினேன். நான் ஒரு லூசு.

லேப்டாப்பை விரித்துச் செய்து காட்டினேன். அவர் பாதியிலேயே கையைத் தூக்கினார். தன் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். அந்தக் கான்ட்ராக்ட் ஆள் ஏற்கெனவே எடுத்துக் கொடுத்திருக்கிறான், எங்கள் புகார்ப் பட்டியலை, அந்தச் சிவப்பு முத்திரையை.

"பயனர் பிழை. இதைச் செஞ்சவங்களே சொல்றாங்க. அவங்களை விடவா உங்களுக்குத் தெரியும்?"

"நானும் அதைச் செய்றவங்கள்ல ஒருத்திதான் சார்."

"அப்ப அவங்களை மாத்திச் சொல்லச் சொல்லுங்க. குழு எழுத்துல இருக்கறதைத்தான் பார்க்கும். இது இப்படியே இருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது." பண்ண முடியாது என்று சொல்லும்போது முகத்தில் அவ்வளவு நிம்மதி.

ஆக, இரண்டே வார்த்தை. அந்த இரண்டு வார்த்தை 27ஆம் தேதிக்குள் அங்கிருந்து போக வேண்டும். போகாவிட்டால் அண்ணிக்கு வேலை இல்லை. அதோடு, ஒரு மனுஷனைச் சாகக் கிடத்தியவர் என்கிற பேரும் நிற்கும்.

பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "நீ அவர்கிட்ட ரொம்பக் கத்தினடி, சிடுமூஞ்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இரண்டு நாள் லீவு போட்டுத் திருத்தத்தை எழுதி அனுப்பினேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. சேமி, வெளியிடு இரண்டும் அருகருகே, ஒரே அளவில். வரைவாகவே நிற்கிற வரைக்கும் பக்கத்தின் தலையில் ஒரு மஞ்சள் பட்டை: "இந்த மாற்றம் உங்களுக்கு மட்டுமே தெரிகிறது. மற்றவர்கள் இன்னும் பழையதைத்தான் பார்க்கிறார்கள்." இந்த வாசகத்தை அண்ணிதான் சொன்னார். நான் முதலில் எழுதியதைப் படித்துவிட்டு, "இது யாருக்குடி புரியும்?" என்று தள்ளிவிட்டார்.

கூடவே, அந்த முத்திரையை எடுங்கள் என்றும் எழுதினேன். நடந்ததையெல்லாம் எழுதினேன், டிரைவர், ஐசியூ, அண்ணி, எல்லாம்.

மாலையில் நாட்டாமையின் பதில் வந்தது. "வருத்தமான சம்பவம். ஆனால் பழகியவர்களுக்கு இந்த மாற்றம் குழப்பம் தரும். கையேட்டைப் படிக்காதவர்களுக்காக மென்பொருளை மாற்ற முடியாது. முத்திரை சரியானதே."

வருத்தமான சம்பவமாம். ஆனாலாம்.

கையேடு எழுதுகிற அம்மா ஒருவர் இருக்கிறார் எங்கள் குழுவில், ரொம்ப அமைதி, கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். அவர் எனக்குத் தனியாக எழுதினார்: "அந்த ஒரு பட்டனை விளக்கவே ஒரு அத்தியாயம் எழுதினேன். பட்டன் சரியாக இருந்தால் அந்த அத்தியாயமே தேவையில்லை. அப்போதே சொன்னேன், கேட்கவில்லை." இதைப் பொதுவில் சொல்லுங்களேன் என்றேன். யோசிக்கிறேன் என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

ஆதாரம் இருந்தால்தான் மசிவார்கள் போல. சரி. கீழ்வீட்டுத் தையல்காரர், எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர், அண்ணன் மூன்று பேரையும் உட்காரவைத்து, எடிட்டர் கணக்கில் ஒரு தேதியை மாற்றச் சொன்னேன். திரையைப் பதிவு செய்தேன். மூன்று பேரும் பச்சை டிக்கைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்கள். "உங்க போன்ல பாருங்க" என்றதும் டீச்சருக்கு முகமே மாறிவிட்டது. "என்ன இது, ஏமாத்து வேலை!" தையல்காரர் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றார். அண்ணன், "போன்தான் பழசும்மா, விடு" என்றான்.

வீடியோவை அனுப்பினேன். நாட்டாமையின் பதில்: "மூன்று பேரை வைத்து முடிவுக்கு வர முடியாது. அதில் ஒருவர் உங்கள் அண்ணன்."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மார்ச் 19, புதன்

டிரைவரை ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அண்ணி பார்க்கப் போகணும் என்றார். வேண்டாம் என்று அண்ணன் சொன்னான், நானும் சொன்னேன். கேட்கவில்லை.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. அண்ணி யார் என்று தெரிந்ததும் அந்த அம்மா எழுந்திருக்கவும் இல்லை, உட்கார் என்று சொல்லவும் இல்லை. "கிளம்பும்போது வெப்சைட்டைப் பார்த்துட்டுத்தான்மா கிளம்பினாரு. அது சொன்ன நேரத்துக்குத்தான் போனாரு."

பட்டன், வரைவு, மஞ்சள் பட்டை என்று ஒன்றையும் அண்ணி சொல்லவில்லை. "மன்னிச்சிடுங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கோ தொண்டைவரை வந்துவிட்டது — இவங்க ஏன் மன்னிப்புக் கேட்கணும்? எவன் கேட்கணுமோ அவன் எங்கேயோ உட்கார்ந்து "முத்திரை சரியானதே"ன்னு டைப் அடிச்சுக்கிட்டு இருக்கான்!

வாசலுக்கு வந்ததும் கத்தினேன். "ஏன் அண்ணி சொல்லல? உங்க தப்பு இல்லைன்னு ஏன் சொல்லல?"

"அந்தம்மாகிட்டப் போய் பட்டன் கதை பேசச் சொல்றியா? சொல்ல வேண்டிய இடத்துல நீ சொல்லு."

மார்ச் 20, வியாழன்

சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லி யார் கேட்டார்கள்? இனிமேல் சொல்வதாக இல்லை.

எங்கள் குழுவின் சொந்தத் தளத்தைப் பராமரிப்பது என் பொறுப்பு. எங்கள் கையேட்டில் பாதுகாப்பு என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அன்றாட வேலைக்கு அட்மின் கணக்கைப் பயன்படுத்தக் கூடாது, எடிட்டர் கணக்கையே பயன்படுத்த வேண்டும் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எழுதச் சொன்னது நாட்டாமை. கடைப்பிடித்தவர் யாருமில்லை.

இன்று கடைப்பிடித்துவிட்டேன். எல்லாரையும் எடிட்டராக மாற்றினேன், நாட்டாமை உட்பட. ஒளித்தெல்லாம் செய்யவில்லை. "கையேட்டின் பாதுகாப்பு அத்தியாயப்படி இன்று முதல் அனைவரும் எடிட்டர் கணக்கு. அட்மின் உரிமை வேண்டும்போது என்னைக் கேளுங்கள்" என்று எங்கள் குழுவின் சாட்டில் போட்டேன். நாட்டாமை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் போட்டார். படித்திருக்க மாட்டார் என்று சத்தியம் செய்வேன்.

மார்ச் 21, வெள்ளி

நாளை எங்கள் மாதாந்திர ஆன்லைன் கூட்டம், மாலை நாலு மணிக்கு. நாட்டாமைக்கு ஏதோ பயணமாம். அதற்காகக் கூட்டத்தைக் காலை பதினொன்றுக்கு மாற்றியிருக்கிறார், ஆனால் குழுவில் எழுதவில்லை. எழுதுவது அவர் பழக்கமே இல்லை, "தளத்தில் பாருங்கள்" என்பார் எப்போதும்.

தளத்தில் பார்த்தேன். பராமரிப்புக் கணக்கு என்னுடையது என்பதால் எனக்குத் தெரிகிறது: அவர் பெயரில் ஒரு வரைவு. காலை பதினொரு மணி. சேமிக்கப்பட்டிருக்கிறது.

வெளியே நாலு மணிதான் இருக்கிறது.

ஒரு வார்த்தை சொல்லலாமா? சொன்னால் நல்லவள். கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் போய் அண்ணியோடு துணி மடித்தேன். என்னடி சிரிக்கிற என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மார்ச் 22, சனி

பதினொன்று தாண்டி கொஞ்ச நேரத்தில் குழுவில் வந்தது: "எல்லாரும் எங்கே? நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்."

ஒருத்தர்: "கூட்டம் நாலு மணிக்குத்தானே?"

"பதினொன்று. நேற்றே தளத்தில் மாற்றினேன்."

"எனக்கு நாலு என்றுதான் இருக்கிறது." "எனக்கும்." "எனக்கும்."

"பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள்."

"புதுப்பித்துவிட்டேன். நாலு."

"உங்கள் பக்கம் ஏதோ கோளாறு. இப்போதும் என் திரையில் பதினொன்று என்றுதான் இருக்கிறது. என் கண்ணால் பார்க்கிறேன்!"

எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். டைப் அடித்தேன்: "எங்கள் அண்ணியும் இதையேதான் சொன்னார்."

அதற்கப்புறம் குழுவில் சத்தமே இல்லை. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை, பார்த்திருக்கலாம். எனக்கு அது ஒரு விருந்து.

பிறகு நாட்டாமை நேரே எனக்குப் போன் செய்துவிட்டார். இதுவரை செய்ததே இல்லை. "வேணும்னே பண்ணீங்களா?"

"ஆமா. உங்க கையேட்டுல பாதுகாப்பு அத்தியாயத்துல இருக்கறதைத்தான் செஞ்சேன். குழுவுலயும் எழுதினேன். நீங்க படிக்கலையா?"

"இது சரியில்லை. என் நேரத்தை வீணடிச்சிருக்கீங்க."

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "உங்க நேரம்! ஒரு மனுஷன் பூட்டின கேட் முன்னாடி மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கிடந்தார் சார். நீங்க ஏசி ரூம்ல கொஞ்ச நேரம் தனியா உட்கார்ந்திருந்தீங்க. இதையே செஞ்ச அந்த நூலகர் பயனர் பிழை, எங்க அண்ணி பயனர் பிழை. நீங்க செஞ்சா எங்க பக்கம் கோளாறா?" குரல் உடைந்துவிட்டது. அது எனக்கே பிடிக்கவில்லை.

அவர் போனை வைத்துவிட்டார்.

நாலு மணிக் கூட்டத்துக்கு வந்தார், பயணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு. கேமராவைப் போடவில்லை. "அந்தப் பழைய புகார்ல எத்தனை பேர் எழுதியிருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கையேட்டு அம்மா பேசினார். "நான் படிக்கிறேன்." ஒவ்வொன்றாகப் படித்தார், நூலகரிலிருந்து, நிதானமாக, ஒன்றையும் விடாமல். கால்பந்துச் செயலாளரிடம் வரும்போது யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

மார்ச் 24, திங்கள்

காலையில் முத்திரை மாறியிருந்தது. "வடிவமைப்புப் பிழை. உறுதி செய்யப்பட்டது." புகார் மறுபடி திறக்கப்பட்டிருக்கிறது. என் திருத்தம் ஏற்கப்பட்டிருக்கிறது. ஒரு மன்னிப்பு இல்லை, ஒரு வரி விளக்கம் இல்லை. சரி, வைத்துக்கொள்ளட்டும்.

அண்ணியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இதை ஆறு வருஷம் முன்னாடி போட்டிருந்தா கை வலிச்சிருக்குமா?" என்றார்.

மார்ச் 27, வியாழன்

நிர்வாகக் குழு அண்ணியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மேனேஜர் அந்தப் புது முத்திரையைத் தானே கண்டுபிடித்த மாதிரி வாசித்தாராம்! "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்றாராம்! அண்ணி சொல்லும்போது எனக்குப் பல் நறநறவென்றது.

ஒரு நிபந்தனை: அண்ணி எதை மாற்றினாலும் வெளியாள் ஒருவர் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். நோயாளிகளுக்குப் போன் செய்வதைத் திரும்ப ஆரம்பிக்கலாமா என்று அண்ணி கேட்டிருக்கிறார். பிறகு பார்க்கலாம் என்று எழுந்துவிட்டார்களாம்.

வெளியாள் யார்? நான்தான்!

ஏப்ரல் 3, வியாழன்

"ஏய், உன் போன்ல பாரு. சனிக்கிழமை ஷிஃப்ட் மாறிடுச்சா?"

"மாறிடுச்சு அண்ணி."

"நல்லாப் பாரு."

ஆபீஸ் மீட்டிங் நடுவில், பஸ் ஏறும்போது, தலைக்குக் குளித்துக்கொண்டிருக்கும்போது. எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தினால்கூடப் போன். இன்று என் மேலதிகாரி, "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டுவிட்டார். அண்ணி மேல் எரிந்து விழுந்தேன். "பச்சை டிக்கைப் பார்த்தாலே எனக்குக் கை உதறுதுடி" என்றார். அதற்கப்புறம் நான் எரிந்து விழவில்லை. கோபம் போகவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

ஏப்ரல் 16, புதன்

புதிய பதிப்பு வெளியாகிவிட்டது, மஞ்சள் பட்டையோடு. மையத்தில் நிறுவச் சொன்னால் அந்தக் கான்ட்ராக்ட் ஆள், "அடுத்த மாசம் பார்க்கலாம் மேடம், அவசரம் ஒண்ணும் இல்லையே" என்கிறான். அவசரம் இல்லையாம்! அந்தச் சிவப்பு முத்திரையைத் தேடி எடுத்து மேனேஜர் கையில் கொடுக்க மட்டும் அவனுக்கு அவ்வளவு அவசரம் இருந்தது. வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அண்ணன் அறை வாசலில் வந்து நின்றான். விடும்மா என்று சொல்லப்போகிறான் என்று பார்த்தேன். "அவன் நம்பர் குடு, நான் ரெண்டு கேட்கிறேன்" என்றான்.

மே 8, வியாழன்

மதியம் சாப்பிடும்போது சும்மா மையத்தின் பக்கத்தைத் திறந்தேன். பழக்கதோஷம். நாளைக் காலை ஷிஃப்ட் ஒன்பது மணிக்கு மாறியிருந்தது. போனைப் பார்த்தேன். அண்ணியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நேற்றும் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திங்கள்கிழமைதான் அந்தக் கான்ட்ராக்ட் ஆள் ஒருவழியாகப் புதிய பதிப்பை நிறுவினான்.

எனக்கு ஏன் கோபம் வந்தது என்று தெரியவில்லை. நானே கூப்பிட்டேன். "நாளைக்கு நேரம் மாத்தியிருக்கீங்க போல. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே?"

"எதுக்குடி? வெளியிடு அமுக்கினேன், மஞ்சள் போயிடுச்சு. அவ்வளவுதானே?"

"நிபந்தனை இருக்கு அண்ணி. வெளியாள் பார்க்கணும்."

"அதான் இப்ப பார்த்துட்டியே. வை போனை. இன்னும் பதினோரு பேருக்குப் போன் போட்டுச் சொல்லணும், டிரைவர் சார் வீட்ல வேற லைன் பிஸியாவே இருக்கு."

"போன் பண்ண மேனேஜர் ஒத்துக்கிட்டாரா?"

"அவரை யாரு கேட்டா?"